இருக்கின்ற கணினிக்கு ஏற்ற லினக்ஸ்



1991-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 25-ஆம் தேதி, ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் வாசித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் இருபத்தொரு வயது மாணவர், தாம் பொழுதுபோக்காக எழுதிவந்த ஓர் இயக்குதளத்தைப் பற்றி, அத்துறையில் சிரத்தையுள்ளவர்களுக்கு ஒரு சிறு அறிவிப்பு விடுத்தார். அந்தத் தளம் 386 வகைக் கணினிக்கென்றே ஆக்கப்பட்டது என்றும், பிற யந்திரங்களுக்கு அதை எடுத்துச் செல்ல இயலாது என்றும், தம்மிடம் இருப்பது ஏ.டி. வகை ஹார்டு டிஸ்க் ஒன்றே ஆகையால் வேறு வகை டிஸ்க்கை அது எந்நாளும் ஏற்காமலே போகலாம் என்றும் அவர் அதில் குறித்திருந்தார். அடக்கமாகச் சொல்லப்பட்ட அந்த வார்த்தைகளே, லினக்ஸ் இன்ன யந்திரத்தில் ஓடும், இன்னதில் ஓடாது என்று உலகம் பெற்ற முதல் அறிக்கை. பின்னர் நடந்தது நீங்கள் அறிந்ததே. தலைசிறந்த 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் லினக்ஸைத் தவிர வேறொன்றுக்கு இடமில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடியில் ஓடுவதும் அதுவே. ஆயினும் அதே லினக்ஸ், தான் பிறந்த 386 யந்திரத்தை 2013-இல் வெளியான 3.8-ஆம் பதிப்பிலே கைவிட்டுவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏற்காது என்று ஆக்கியவரே கருதிய யந்திரங்களை அது ஏற்றுக்கொண்டது. எந்த யந்திரத்துக்காகப் பிறந்ததோ அதை விட்டுவிட்டது. ஆகவே லினக்ஸுக்கும் யந்திரத்துக்கும் உள்ள பொருத்தம் ஒருமுறை நிர்ணயித்து ஓலையில் எழுதி வைத்துவிடக்கூடிய விஷயமன்று. காலத்தோடு இரு திசையிலும் நகர்ந்துகொண்டே இருப்பது.

டோர்வால்ட்ஸ் அன்று கைக்கொண்ட கிரமத்தைக் கவனியுங்கள். தம்மிடமுள்ள யந்திரத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்தார். அதற்கு ஏற்றதைப் பிறகு எழுதினார். லினக்ஸுக்கு மாற விரும்பும் நம் அன்பர்களோ, பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எந்த லினக்ஸ் சிறந்தது என்பதே அவர்கள் கேட்கும் முதற்கேள்வி. உபுண்டு என்பார் ஒருவர், மிண்ட் என்பார் மற்றொருவர், ஃபெடோராவுக்கு நிகரில்லை என்பார் மூன்றாமவர், ஆர்ச் லினக்ஸை நிறுவாதவனுக்கு லினக்ஸே தெரியாது என்பார் ஓர் இளைஞர். சொல்பவர் அனைவரும் தத்தம் யந்திரத்தில் கண்ட உண்மையையே சொல்கிறார்கள், ஆனால் கேட்பவருடைய யந்திரம் எது என்று அவர்களில் ஒருவரும் விசாரிப்பதில்லை. மண்ணைப் பாராமல் விதையை மட்டும் புகழ்ந்து வாங்கி வருகிற உழவனை நம் ஊரில் யாரும் மெச்சமாட்டார்கள். களிமண் வயலா, செம்மண் மேடா, தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும் என்பவற்றைத் தெரிந்துகொண்ட பிறகே நெல்லின் பெயர் பேச்சில் வரும். கணினியிலும் அப்படியே முறை இருக்க வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

இந்தப் பேச்சுக்கு இப்போது ஓர் அவசரமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் ஆனால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன பிராசஸரையும் கேட்கிறது. எட்டாம் தலைமுறை வெளிவந்தது 2017-இல். அதற்கு முன் வாங்கிய கணினிகள், பழுதொன்றும் இல்லாமல், விசைப்பலகை தேயாமல், திரை மங்காமல் வீடுகளிலும் பள்ளிகளிலும் இருக்கின்றன. அவை குப்பைக்குப் போக வேண்டியவை அல்ல. அவற்றை வாழவைக்க லினக்ஸால் முடியும். ஆனால் தப்பான வழங்கலைத் தப்பான யந்திரத்தில் ஏற்றி, ஒயர்லெஸ் வரவில்லை, ஒலி வரவில்லை என்று ஒரே மாலையில் மனம் சலித்துத் திரும்பிவிட்டவர் பலர். அவர்கள் லினக்ஸைக் குறை சொல்வதில் எனக்கு வருத்தமில்லை. ஒரு நல்ல யந்திரம் அந்தச் சலிப்பினால் பரணுக்குப் போவதில்தான் வருத்தம்.

வழங்கல் என்றும், பேச்சில் டிஸ்ட்ரோ என்றும் நாம் சொல்வது என்ன? கெர்னல் என்னும் கருப்பகுதி ஒன்று. அதன்மேல் இயங்கும் கருவிகள், மேசைச்சூழல், நிறுவி, புதுப்பித்துத் தரும் ஏற்பாடு ஆகியவை சேர்ந்த மூட்டை அது. 1993-இல் பேட்ரிக் வோல்கர்டிங் ஸ்லாக்வேரையும் இயன் மர்டாக் டெபியனையும் தொடங்கினார்கள். 2004-இல் டெபியனை அடியாகக் கொண்டு உபுண்டு எழுந்தது. உபுண்டுவின்மேல் மிண்ட் எழுந்தது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் ஆக்கி, தமிழ்நாட்டு அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் இடம்பெற்ற பாஸ் லினக்ஸும் டெபியன் வழிவந்ததே. பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் கெர்னல் ஒன்றுதான் என்பதை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ள வேண்டும். சாதனங்களை இயக்கும் டிரைவர்கள், சிலவற்றைத் தவிர மற்றவையெல்லாம், அந்தக் கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. கெர்னலின் மூலநிரலில் பாதிக்கு மேற்பட்ட பகுதி டிரைவர்களே. விண்டோஸில் பழகியவர் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு குறுவட்டைத் தேடியது போல லினக்ஸில் தேட வேண்டியதில்லை என்பதற்குக் காரணம் இது. ஆகவே ஒரு சாதனம் உபுண்டுவில் ஓடி டெபியனில் ஓடவில்லையென்றால், அந்த வித்தியாசத்துக்குக் காரணம் வழங்கலின் மாயமன்று. கெர்னலின் வயதோ, ஃபர்ம்வேரைப் பற்றிய கொள்கையோ, பிராசஸரின் வகையைப் பற்றிய முடிவோ, இம்மூன்றில் ஏதோ ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும்.

முதலில் கெர்னலின் வயதைச் சொல்கிறேன், ஏனெனில் புதுக்கணினி வாங்கியவர்களின் துன்பங்களில் பெரும்பகுதிக்கு இதுவே மூலம். ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒருமுறை புதிய கெர்னல் பதிப்பு வெளியாகிறது; ஒவ்வொன்றும் புதிய சாதனங்களுக்கான டிரைவர்களைச் சுமந்து வருகிறது. வழங்கல்களோ, இந்த ஓட்டத்தில் எங்கே நின்று தண்ணீர் முகப்பது என்பதைத் தத்தம் சுபாவத்துக்கேற்ப முடிவு செய்கின்றன. டெபியனின் நிலைப்பதிப்பு ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வெளிவந்து, வெளிவந்த நாளில் ஏந்திய கெர்னல் வரிசையையே கடைசிவரை பேணுகிறது. ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாகப் பிறப்பதோடு இடையிலும் புதிய கெர்னல்களை ஏற்றுக்கொள்கிறது. ஆர்ச் லினக்ஸ் நில்லாமல் உருண்டுகொண்டே இருப்பது. உபுண்டுவின் நெடுங்கால ஆதரவுப் பதிப்பு நடுவழியில் செல்வது; அடிப்படையை மாற்றாமல், கெர்னலை மட்டும் இடையிடையே புதுப்பித்துத் தரும் ஏற்பாடு ஒன்று அதற்கு உண்டு.

இதன் விளைவை ஓர் உதாரணத்தால் விளக்குவது நலம். ரியல்டெக் நிறுவனத்தின் 8852ஏ என்னும் ஒயர்லெஸ் சில்லு பல மடிக்கணினிகளில் வந்தது. அதற்கான ஆர்.டி.டபிள்யூ 89 என்னும் டிரைவர், 2022 ஜனவரியில் வெளியான 5.16-ஆம் கெர்னலில்தான் முதலில் இடம்பெற்றது. 2021 ஆகஸ்டில் வெளியான டெபியன் 11-இன் கெர்னல் 5.10. ஆகையால் அந்த மடிக்கணினியில் டெபியன் 11-ஐ அப்படியே நிறுவியவருக்கு, அவர் எத்தனை நிபுணராயிருந்தாலும், ஒயர்லெஸ் வந்திராது. பேக்போர்ட்ஸ் என்னும் களஞ்சியத்திலிருந்து புதிய கெர்னலை வருவித்திருந்தாலன்றி வேறு சுலபமான வழி இல்லை. 2023-இல் வந்த டெபியன் 12, 6.1 கெர்னலை ஏந்தி வந்தபோது அதே சாதனத்துக்கான டிரைவர் அதற்குள்ளேயே வந்துசேர்ந்தது. டெபியன் கெட்டதாயிருந்து பிறகு நல்லதாகிவிடவில்லை. யந்திரம் பிறந்த தேதிக்கும் கெர்னல் பிறந்த தேதிக்கும் உள்ள முன்பின்னே அங்கே வேலை செய்தது. இதிலிருந்து ஒரு விதியை நான் தயங்காமல் சொல்வேன். கணினியின் பிராசஸரும் ஒயர்லெஸ் சில்லும் சந்தைக்கு வந்த வருஷத்தைக் கண்டுபிடியுங்கள். நீங்கள் தேர்கிற வழங்கலின் கெர்னல் அதற்கு ஒரு வருஷமாவது பிந்தியதாக இருக்கட்டும். கணினி மூன்று நான்கு வருஷம் பழையதென்றால் டெபியனின் நிதானம் உங்களுக்கு வரமாகும். நேற்று கடையிலிருந்து வந்ததென்றால் ஃபெடோராவையோ, அப்போதைக்குப் புதிதான உபுண்டுவையோ நாடுவதே விவேகம்.

அடுத்தது ஃபர்ம்வேர். இங்கே தொழில்நுட்பத்தோடு ஒரு தர்மப் பிரச்சினையும் கலந்திருப்பதால் சற்று விரிவாகப் பேச அனுமதி வேண்டுகிறேன். இக்காலத்து ஒயர்லெஸ் சில்லுக்குள் ஒரு சிறு பிராசஸர் இருக்கிறது. கணினி தொடங்கும்போது அதற்குரிய ஒரு நிரலை டிரைவர் எடுத்துக்கொண்டுபோய் அந்தச் சில்லுக்குள் ஏற்றினால்தான் அது விழித்தெழும். அந்த நிரலே ஃபர்ம்வேர். பெரும்பாலான நிறுவனங்கள் அதன் மூலநிரலை வெளியிடுவதில்லை. ஆக்கி முடித்த உருவத்தை மட்டும் தருகின்றன. சுதந்திர மென்பொருளை விரதமாகக் கொண்ட ஒரு வழங்கல், எவரும் படித்தறிய முடியாத இந்த நிரலைத் தன் நிறுவியில் சேர்க்கலாமா, கூடாதா?

இந்தக் கேள்வியின் வேர் லினக்ஸுக்கும் முந்தியது. 1980-ஐ ஒட்டி, எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று நன்கொடையாக வந்தது. அதில் காகிதம் சிக்கிக்கொண்டால் அச்சுக்காகக் காத்திருப்பவர்களுக்குத் தெரிவிக்க வழியில்லை. முந்தைய அச்சுப்பொறியின் நிரலைத் திருத்தி அந்த வசதியைச் செய்துகொடுத்திருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், இதற்கும் அவ்வாறே செய்ய நினைத்து, மூலநிரலை வைத்திருந்த ஒருவரிடம் சென்று கேட்டார். யாருக்கும் கொடுப்பதில்லை என்று தாம் வாக்களித்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். பயனாளியின் கையில் இருக்கும் சாதனத்தைச் சீர்செய்ய அவனுக்கே உரிமையில்லை என்ற அந்த அனுபவம் அவர் மனத்தை ஆழமாகத் தைத்தது. 1983-இல் அவர் அறிவித்த குனூ திட்டத்துக்குப் பின்னணியில் நின்ற காரணங்களுள் அது ஒன்று. அச்சுப்பொறியின் டிரைவரிலே தொடங்கிய அந்த வழக்கு, இன்று ஒயர்லெஸ் சில்லின் ஃபர்ம்வேரிலே நடந்துகொண்டிருக்கிறது.

டெபியன் இந்த விஷயத்தில் நெடுங்காலம் விரதம் காத்தது. 2011-இல் வெளியான அதன் 6-ஆம் பதிப்பிலிருந்து, சுதந்திரமற்ற ஃபர்ம்வேர் கெர்னலிலிருந்து நீக்கப்பட்டுத் தனிக் களஞ்சியத்துக்குப் போயிற்று. கொள்கையளவில் அது மாசற்ற நிலை. ஆனால் மடிக்கணினியில் டெபியனை நிறுவப் போனவர், வலைத்தொடர்புக்கு ஃபர்ம்வேர் வேண்டும் என்றும், அந்த ஃபர்ம்வேரைப் பெற வலைத்தொடர்பு வேண்டும் என்றும் நிறுவி சொல்லக் கேட்டு வழியின்றி நின்றார். 2022-இல் டெபியனின் உறுப்பினர்கள் கூடி விவாதித்து, வாக்கெடுத்து, அதிகாரபூர்வமான நிறுவியிலேயே அந்த ஃபர்ம்வேரைச் சேர்த்துவிடுவதென்று தீர்மானித்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 அவ்விதமே அமைந்தது. இது சரியான தீர்மானம் என்பது என் துணிபு. சுதந்திரத்தின் பெயரால் ஒரு மனிதரை வாசலிலேயே நிறுத்திவிட்டால், உள்ளே இருக்கிற சுதந்திரத்தின் சுவையை அவர் எப்போது அறிவது? ஆயினும் ட்ரிஸ்குவெல் போன்ற சில வழங்கல்கள் இன்றும் அந்தப் பழைய விரதத்தை விடாமல் காத்துவருகின்றன. அவர்களுடைய உறுதியை நான் மதிக்கிறேன். அவற்றை நாடுகிறவர்கள் யந்திரத்தையும் அதற்கேற்பத் தேர வேண்டும். அதெரோஸ் நிறுவனத்தின் பழைய 802.11என் வகைச் சில்லுகள், ஏ.டி.எச்.9.கே. என்னும் டிரைவரால் இயங்குபவை, ஏற்றுவதற்கு ஃபர்ம்வேரே கேளாதவை. பழைய யந்திரச் சந்தையில் அவற்றுக்கு இன்னமும் ஒரு கௌரவம் இருப்பது இதனால்தான்.

ஒயர்லெஸ் சில்லின் நிறுவனமும் முக்கியம். இன்டெல் ஆனால் கவலை குறைவு. ஃபர்ம்வேர் மட்டும் கூடவே இருந்தால் போதும். பிராட்காம் சில்லுகளின் சரித்திரமோ நீண்டது. அந்நிறுவனம் விவரம் தராத காலத்தில், அதன் மூடிய டிரைவரை ஆராய்ந்து தன்னார்வலர்கள் எழுதிய டிரைவர் 2006-இல் கெர்னலுக்குள் வந்தது. 2010 செப்டம்பரில் அந்நிறுவனமே தன் 802.11என் வகைச் சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் வேறு சில சில்லுகளுக்கு இன்றும் தனியே ஒரு மூடிய டிரைவரை நிறுவ வேண்டியிருக்கிறது. உபுண்டுவும் மிண்டும் அதற்குரிய வழியைத் தாமே முன்வந்து காட்டுகின்றன. ஆகவே பிராட்காம் சில்லுள்ள பழைய மடிக்கணினி வைத்திருப்பவருக்கு அவ்விரண்டில் ஒன்றையே நான் சொல்வேன். யு.எஸ்.பி.யில் செருகுகிற சிறு ஒயர்லெஸ் கருவிகளை வாங்குவோர் ஒன்று கவனிக்க வேண்டும்: அட்டைப்பெட்டியின் மேலுள்ள பெயர் மாறாமலே, இரண்டாம் வார்ப்பு, மூன்றாம் வார்ப்பு என்று உள்ளேயுள்ள சில்லு மட்டும் மாறிவிடுவதுண்டு.

கிராபிக்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இன்டெல், ஏ.எம்.டி. இரண்டின் டிரைவர்களும் கெர்னலிலேயே இருக்கின்றன. ஏ.எம்.டி.யின் வசமிருந்த ஏ.டி.ஐ., தன் சில்லுகளின் விவரங்களை 2007-இலிருந்து வெளியிடத் தொடங்கியதன் நற்பயனை இன்று நாம் அனுபவிக்கிறோம். என்விடியாவின் வழி வேறு. 2012-இல் பின்லாந்தின் ஆல்டோ சர்வகலாசாலையில் பேசும்போது டோர்வால்ட்ஸ் அந்நிறுவனத்தைக் கடுஞ்சொல்லால் கண்டித்தது உலகறிந்த செய்தி. 2022 மே மாதத்தில் அது தன் கெர்னல் டிரைவரின் மூலநிரலைத் திறந்தது. ஆனால் அந்தத் திறந்த டிரைவர் டூரிங் வரிசைக்கும் அதன் பின்வந்தவற்றுக்குமே பொருந்தும். அதற்கு முந்திய கெப்ளர் வரிசைக் கார்டு வைத்திருப்பவர், 470 என்னும் பழைய டிரைவர் கிளையோடு நிற்க வேண்டியவர். அது புதுப்புதுக் கெர்னல்களோடு ஒத்துப்போகத் திணறும். ஆதலால் அவருக்கு உருண்டோடும் வழங்கல் கூடாது, நெடுங்கால ஆதரவுப் பதிப்பே தகும். அல்லது நூவோ என்னும் திறந்த டிரைவரோடு, வேகம் குறைந்தாலும் பொறுத்துக்கொண்டு, அமைதி காணலாம். புதிய என்விடியா கார்டு உள்ளவருக்கு, டிரைவரைத் தன் நிறுவியிலேயே சேர்த்துத் தரும் பாப் ஓ.எஸ். போன்றவை சிரமத்தைக் குறைக்கும்.

மூன்றாவதாகச் சொன்ன பிராசஸர் வகை, பழைய யந்திரங்களுக்கு உயிர்நிலை. 64 பிட் எக்ஸ்86 பிராசஸர்களை ஏ.எம்.டி. 2003-இல் அறிமுகம் செய்தது. அதற்குப் பின்னும் பல வருஷம் 32 பிட் பிராசஸர்கள் வந்துகொண்டே இருந்தன. 2008-ஐ ஒட்டி நெட்புக் என்ற பெயரில் விற்ற சிறு மடிக்கணினிகளில் இருந்த ஆட்டம் என்270 அத்தகையது. உபுண்டு 2017 அக்டோபரில் 32 பிட் மேசைப்பதிப்பை நிறுத்தியது. ஃபெடோரா 2019-இல் 32 பிட் கெர்னலை நிறுத்தியது. கடைசிவரை துணைநின்ற டெபியனும் 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில் அதற்கு நிறுவி தருவதை விட்டுவிட்டது. ஆன்டிஎக்ஸ் போன்ற சில மட்டும் இன்னும் கைகொடுக்கின்றன. 64 பிட் என்பதனால் மட்டும் நிம்மதி அடைந்துவிடவும் முடியாது. ரெட் ஹேட்டின் வணிகப் பதிப்பு 2022-இல் தன் 9-ஆம் வெளியீட்டில் பிராசஸருக்கான அடிப்படை நிலையை உயர்த்தி, 2025-இல் 10-ஆம் வெளியீட்டில் மேலும் உயர்த்தியது. 2013-இல் இன்டெல் வெளியிட்ட ஹாஸ்வெல் வரிசைக்கு முந்தியவை பின்னதில் இயங்கா. அலுவலகச் சர்வருக்குப் பழைய யந்திரத்தைத் தயார் செய்வோர் இதை அறிந்திருக்க வேண்டும்.

நினைவகம் குறைந்த யந்திரத்தில் மேசைச்சூழலின் எடை முக்கியமாகிறது. நான்கு ஜி.பி. உள்ளதில் எக்ஸ்.எஃப்.சி.இ. தரித்த மிண்ட் நன்றாக நடக்கும், இரண்டு ஜி.பி. என்றால் லுபுண்டு, எம்.எக்ஸ். லினக்ஸ், அதற்கும் கீழே ஆன்டிஎக்ஸ், பப்பி. ஆனால் ஓர் உண்மையை மறைக்கலாகாது. எத்தனை மெலிந்த வழங்கலை நிறுவினாலும், இக்காலத்து வலைப்பக்கங்களைத் திறக்கிற உலாவி மெலிவதில்லை. இரண்டு ஜி.பி. யந்திரத்தில் கடிதம் எழுதலாம், கணக்குப் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், குழந்தைக்கு நிரல் கற்பிக்கலாம். பத்து வலைப்பக்கங்களை ஒன்றாகத் திறந்துவைக்க முடியாது. பழைய ஹார்டு டிஸ்க்கை நீக்கி ஒரு சிறு எஸ்.எஸ்.டி. பொருத்துவது, வழங்கலை மாற்றுவதைக் காட்டிலும் பெரிய பலன் தரும்.

இனி, யந்திரத்தை அறிவது எப்படி என்பதைச் சொல்ல வேண்டும். மடிக்கணினியின் முதுகில் ஒட்டிய பெயர் போதாது. ஒரே மாதிரியில் வெவ்வேறு ஒயர்லெஸ் சில்லுகள் வருவதுண்டு. ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ளே ஓர் இரட்டை அடையாள எண் இருக்கிறது. முதற்பகுதி ஆக்கிய நிறுவனத்தைக் காட்டும். இரண்டாம் பகுதி அந்தச் சாதனத்தைக் காட்டும். இன்டெல்லின் எண் 8086, 1978-இல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற பிராசஸரின் பெயரே. ஏ.எம்.டி.யின் கிராபிக்ஸ் சில்லுகள் ஏ.டி.ஐ. காலத்து 1002 என்ற எண்ணையே இன்னும் தாங்கி வருகின்றன. விண்டோஸில் இருப்பவர் டிவைஸ் மானேஜரைத் திறந்து, சாதனத்தின் பண்புகளில் ஹார்டுவேர் ஐ.டி. என்ற இடத்தில் இதைக் காணலாம், லினக்ஸில் எல்.எஸ்.பி.சி.ஐ. (என்.என். என்னும் குறியோடு), எல்.எஸ்.யு.எஸ்.பி. என்னும் இரண்டு ஆணைகள் இதைப் பட்டியலாகத் தரும். முன்னதோடு கே என்னும் குறியைச் சேர்த்தால், எந்தச் சாதனத்தை எந்த டிரைவர் நடத்துகிறது என்பதும் தெரியும். டிரைவர் பெயர் வராத சாதனமே உங்கள் சங்கடத்தின் இருப்பிடம். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு விசாரிப்பவருக்குத் திட்டமான விடை கிடைக்கும். என் மடிக்கணினியில் ஒயர்லெஸ் வரவில்லை என்று மட்டும் விசாரிப்பவருக்கு அனுதாபமே கிடைக்கும்.

இதற்கு மேலும் ஒரு சோதனை உண்டு, அது மற்றெல்லாவற்றிலும் நம்பகமானது. 2000-இல் கிளவுஸ் நாப்பர் என்னும் ஜெர்மானியர், நிறுவாமலே குறுவட்டிலிருந்து முழு லினக்ஸையும் ஓட்டிக்காட்டும் நாப்பிக்ஸை வெளியிட்டார்; இன்று அந்த வசதி ஏறக்குறைய எல்லாப் பெரிய வழங்கல்களிலும் பென்டிரைவ் வடிவில் இருக்கிறது. ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல், உங்கள் யந்திரத்தில் அதை ஒரு மாலைப்பொழுது ஓட்டிப் பாருங்கள். ஒயர்லெஸ், ஒலி, கேமரா, புளூடூத், திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசை ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். மூடியைச் சாத்தித் தூங்கவிட்டுத் திறந்து பார்ப்பதை மறவாதீர்கள். தூங்கி எழாத மடிக்கணினிகள் உண்டு, அதைப் பெரும்பாலோர் நிறுவிய பிறகே கண்டுபிடிக்கிறார்கள். பழைய கணினி வாங்கப் போகிறவர், சென்னை ரிச்சி தெருவானாலும் வேறெந்த ஊர்க் கடையானாலும், இரண்டு பென்டிரைவுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், விலை பேசுமுன் கடைக்காரரின் அனுமதியோடு ஓட்டிப் பார்ப்பது தவறல்ல. நல்ல வியாபாரி இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்.

பென்டிரைவே தொடங்கவில்லை என்றால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். 2012-இல் விண்டோஸ் 8-ஓடு வந்த செக்யூர் பூட் என்னும் பூட்டு ஒன்று. உபுண்டு, ஃபெடோரா, 2019 முதல் வந்த டெபியன் ஆகியவை அதற்குரிய கையொப்பத்தோடு வருகின்றன, சிறு வழங்கல்கள் பல அவ்வாறு வருவதில்லை. மற்றொன்று, 64 பிட் பிராசஸரும் 32 பிட் தொடக்க மென்பொருளும் கலந்துவந்த பே டிரெயில் ஆட்டம் வரிசைக் கணினிகளின் குழப்பம். அதற்கு 2015 முதல் வழி செய்திருப்பது டெபியன். தொடங்கியும் உள்ளேயுள்ள டிஸ்க் தென்படவில்லையென்றால், பெரும்பாலும் பயாஸில் டிஸ்க் ரெய்டு நிலையில் இருக்கும், ஏ.எச்.சி.ஐ. நிலைக்கு மாற்றினால் தென்படும். ஆனால் விண்டோஸும் அதே கணினியில் இருந்தால், அதற்குரிய ஆயத்தம் செய்யாமல் மாற்றாதீர்கள்; விண்டோஸ் தொடங்காமல் நின்றுவிடும். எந்த மாற்றத்துக்கும் முன்னால் கோப்புகளைப் படியெடுத்து வைப்பது கடமை.

நிறுவி முடித்து எல்லாம் ஓடிய பின்னும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. எச்.டபிள்யூ. புரோப் என்னும் சிறு கருவி, உங்கள் யந்திரத்திலுள்ள சாதனங்களையும் அவை இயங்கும் நிலையையும் பட்டியலிட்டு, லினக்ஸ் ஹார்டுவேர் என்ற பொதுத் தொகுப்புக்கு அனுப்புகிறது. அடுத்து அதே மாதிரியை வாங்க நினைப்பவர் அங்கே சென்று பார்க்கிறார். ஓடியதை மட்டுமல்லாமல், ஓடாத கைரேகைக் கருவியையும், மங்கலாகத் தெரிந்த கேமராவையும் அப்படியே பதிவு செய்யுங்கள். டிரைவர் எழுதுபவர்களுக்குப் பிரயோஜனப்படுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது பட்டியல்தான்.